நாவலர் என்னும் பட்டம்

தகுதியுடையோரைத் தகுதியறிந்து போற்றுதல் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்காகும். பண்டை வேந்தர் எட்டி, காவிதி, ஏனாதி என்னும் பட்டங்களை வணிகர்க்கும் உழவர்க்கும் படைத்தலைவர்க்கும் வழங்கினர். சோழப் பேரரசர் காலத்தில் மூவேந்தவேளான், பிரமராயன் முதலிய பட்டங்கள் அரசியற் பணியாளர்க்கு உரியனவாயின. முடியரசுகள் மங்கிய பின்னர்த் திருமடங்களும் கற்றோர் அவைகளும் அப்பணியை மேற்கொண்டன. ஆங்கிலர் ஆட்சி வேரூன்றியபோது இந்தியாவில் இராவ்பகதூர் பட்டமும், இலங்கையில் முதலியார்ப் பட்டமும், இரு நாட்டிலும் சேர்ப் பட்டமும் வந்து சேர்ந்தன. அவற்றுட் பல இன்று வழக்கொழிந்தன. இந்திய அரசியலமைப்பு 1950 இல் அரசு பட்டம் வழங்குவதை விலக்கியது. இலங்கையும் 1956 இல் பிரித்தானிய மேன்மைப் பட்டங்களைப் பெறுதலை நிறுத்திக்கொண்டது. ஆயினும் பட்டத்தின்மேல் மக்கள் வைத்த ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை.

எமது கல்லூரியின் விழாவையொட்டிச் சிறந்த பழைய மாணவர் சிலர்க்குப் பட்டம் வழங்குதல் வேண்டும் என்னும் கருத்து அண்மையிற் சங்கத்தினரிடையே எழுந்துள்ளது. அதனை விரும்புவோரும் உளர்; வேண்டாம் என்போரும் உளர். இரு சாராரும் கல்லூரியிடத்து அன்புடையோரே. இந்நிலையிற் பட்டம் என்பது யாது, அதனை யார் வழங்குதல் தகும், பெற்றவர்க்கு அதனால் நேர்வது என்ன என்பனவற்றை ஆராய்தல் பயனுடைத்து. வெறும் கொள்கையளவில் ஆராய்வதினும், பட்டமொன்றைப் பெற்று அதனைத் தம் பெயராகவே ஆக்கிக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையை நோக்குதல் தெளிவு தரும் எனக் கருதினோம். ஈழத்தில் நாவலர் என்ற அளவிலேயே வேறு விளக்கம் வேண்டாது உணரப்படும் நல்லூர் ஆறுமுக நாவலரே அவர்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 18 ஆந் திகதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமையுடையவர்; நாடகங்கள் இயற்றியவர். மகனுக்கு ஒன்பது வயதாயிருக்கும்போதே அவர் மறைந்தார். அவர் முற்றுவியாது விட்டுச்சென்ற நாடகமொன்றை அச்சிறுவர் தாமே பாடி முடித்தார் என வரலாறெழுதியோர் கூறுவர். சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் திண்ணைப் பள்ளியில் நீதிநூல்களும் நிகண்டும் பயின்ற அவர், பின்னர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அப்புலவரின் ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப் பிள்ளைகளுக்கு மிஷன் பாடசாலையன்றி வேறு புகல் இல்லை. ஆதலால் உவெஸ்லியன் மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பாடசாலையில் அவர் சேர்ந்து ஆங்கிலம் பயின்றார்.

அப்பாடசாலைத் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் கல்வியருமை அறிந்தவர். மாணவரின் நுண்ணறிவைக் கண்டு, 1841 ஆம் ஆண்டளவில், பத்தொன்பது வயதும் நிரம்பாத அவரை அங்கேயே ஆசிரியராக்கினார். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் அவர் கற்பித்தார். அத்துடன் பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராக இருந்து, விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் துணைபுரிந்தார். பிற சமய நூலொன்றனுக்குத் தம் தமிழறிவை வழங்கிய அதே காலத்தில், தம் சமய நூல்களைத் தாமே முயன்று ஆழ்ந்து கற்றார் என்பது கருதத்தக்கது. மிஷனார் செய்துவந்த பணியை மிக அருகிலிருந்து கண்டவர் அவர். பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்க மேடை என்னும் மூன்றுமே அப்பணியின் தூண்கள் என்பதை உணர்ந்தார். அவை மூன்றும் சைவர்க்கு இல்லாமையையும் உணர்ந்தார்.

உணர்ந்ததோடு நில்லாது செயலில் இறங்கினார். 1847 ஆம் ஆண்டு திசெம்பர் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிதோறும் அவர் பேசலானார். புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லுதல் அக்காலத்தில் உண்டு; ஆனாற் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கிருந்து கேட்கும்படி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தெளிந்த தமிழில் இடையறாது பேசுதல் சைவர்க்குப் புதுமையாயிருந்தது. மறு ஆண்டிலே, 1848 இல், வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலைப் பதவியையும் அதன் சம்பளத்தையும் விட்டு நீங்கினார். இல்லறம் மேற்கொள்ளாது, தமக்கென ஊதியம் கருதாது, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் சைவத்துக்கும் தமிழுக்கும் ஒப்படைத்தார்.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பட்ட இடர், பிள்ளைகளின் கையிற் கொடுத்தற்குப் புத்தகம் இல்லாமையே. ஏட்டுச் சுவடிகள் ஒரு சிலர்க்கே கிடைத்தன. அவையும் பிழை மலிந்தவை. அச்சியந்திரம் ஒன்று வேண்டும் எனத் துணிந்து, 1849 ஆம் ஆண்டு தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு தமிழகத்துக்குப் புறப்பட்டார். சென்னைக்குச் செல்லும் வழியிற் சோழநாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்தார். அவ்வாதீனம் அக்காலத்திற் சைவ சித்தாந்தத்துக்கும் செந்தமிழுக்கும் ஒரு பல்கலைக்கழகம் போல விளங்கியது. தம்பிரான்மாரும் வித்துவான்களும் நிறைந்த அவ்விடத்திற் பிறர் புலமையை எளிதில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இருந்ததில்லை. அத்தகைய அவையின் முன் யாழ்ப்பாணத்து இளைஞர் பிரசங்கம் செய்தார். கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார், அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டினர். அப்போது அவருக்கு வயது 26.

இந்நிகழ்ச்சியிற் சில கூறுகள் ஊன்றி நோக்கற்பாலன. முதலாவது, பட்டம் நாடி அவர் அங்குச் செல்லவில்லை. அச்சுப்பொறி வாங்கச் செல்லும் வழியிற் பட்டம் அவரை அடைந்தது. இரண்டாவது, வழங்கியவர்கள் அத்துறையில் வல்லவர்கள். சமய நூலும் தமிழ் நூலும் அறிந்தோர் கூடிய அவை, தாம் நேரே கேட்ட பேச்சொன்றனை மதிப்பிட்டே பட்டம் அளித்தது. மூன்றாவது, வழங்கப்பட்ட சொல் அவர் செய்த செயலையே குறித்தது. நாவன்மையாற் பெற்ற சிறப்புக்கு நாவலர் என்பதே பெயர். மிகையாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. நான்காவது, பட்டம் பெற்றவர் அதனை முடிவாகக் கொள்ளவில்லை. விழாவெடுத்து ஊர் திரும்பாது, தாம் எண்ணிய கருமத்தை முடிக்கச் சென்னை நோக்கி நடந்தார்.

சென்னையிற் சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் அச்சிட்டு, அச்சுப்பொறியுடன் ஊர் மீண்ட நாவலர், வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அச்சுக்கூடத்தை நிறுவினார். அதிலிருந்து வெளிவந்தவற்றுட் பாலபாடங்கள் தலைமையானவை. எழுத்தறியும் பிள்ளை முதல் வகுப்பேறிய மாணவன் வரை படிப்படியாகக் கற்றற்கேற்ற வசன நூல்கள் அவை. நன்னூலுக்கு விருத்தியுரைப் பதிப்பு, 1852 இற் பெரியபுராண வசனம், 1854 இற் சைவதூஷண பரிகாரம், பின்னர் இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடைகள் என நூல்கள் தொடர்ந்தன. இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவரின் ஆதரவில் 1860 இல் திருக்கோவையாரும் 1861 இல் திருக்குறட் பரிமேலழகருரையும் அவர் பரிசோதிப்பில் அச்சேறின. ஏடுகள் பல தேடி, ஒப்புநோக்கி, ஐயமறுத்துப் பதிப்பித்தமையாற் பிழையற்ற பதிப்புக்கு நாவலர் பதிப்பே அளவுகோலாயிற்று.

நாவாற் பெற்ற பட்டம் எழுத்திலும் பொருந்திற்று என்பது அவர் வசன நடையால் விளங்கும். செய்யுளே இலக்கியம் எனக் கருதப்பட்ட காலத்திற் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் தொழிலாளர்க்கும் விளங்கும் வண்ணம் அவர் வசனம் எழுதினார். நெடுஞ்சொற்றொடரைச் சந்தி பிரித்துக் காட்டினார். ஆங்கில நூல்களிற் கண்ட நிறுத்தக்குறிகளைத் தமிழ் வசனத்திற் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவரானார். அடுத்த தலைமுறையில் வாழ்ந்த பரிதிமாற் கலைஞர் வசனத்தில் வல்லவர் என அவரைப் பாராட்டினார். அப்பாராட்டும் ஒருவகைப் பட்டமே. இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. பரிதிமாற் கலைஞருக்குத் திராவிட சாஸ்திரி என்னும் பட்டத்தை அளித்தவர், நாவலர் வழியிற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1868 இல் அவர் தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது அதனைப் பரிசோதித்து உதவியவர் நாவலரே. இங்ஙனம் தகுதியுடையோர் தகுதியுடையோரை அடையாளங்கண்டு போற்றும் மரபு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சென்றது.

ஒப்புநோக்கின் அக்காலத்துப் பிற பட்டங்களின் இயல்பும் தெளிவாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக 1857 இல் தேறியவர் தாமோதரம்பிள்ளை. பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்த அவர்க்கு 1895 இல் அரசாங்கம் இராவ்பகதூர் பட்டம் அளித்தது. இலங்கைச் சட்டநிரூபண சபையில் அங்கத்துவம் வகித்த முத்துக்குமாரசுவாமி 1874 இல் சேர்ப் பட்டம் பெற்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர்க்கு 1906 இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தது. இவர்கள் யாவரும் அப்பட்டங்களுக்குத் தக்கவர்களே. எனினும் இன்று தாமோதரம்பிள்ளையை யாம் நினைப்பது இராவ்பகதூர் என்பதனாலன்று. கலித்தொகையையும் தொல்காப்பியவுரைகளையும் அழியாது காத்தமையாலேயாம். சாமிநாதையரையோ தமிழ்த் தாத்தா என மக்கள் தாமே இட்ட பெயரால் அழைக்கின்றோம். அரசு கொடுத்த பட்டம் அரசோடு போயிற்று. அறிஞரும் மக்களும் கொடுத்த பட்டம் நின்றது.

நாவலர்க்குப் பட்டம் எளிதான வாழ்வை அளிக்கவில்லை. மாறாகக் கடனை ஏற்றியது. 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஈரிடத்துப் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் நடத்தப் பொருள் வேண்டியிருந்தது. செல்வர் சிலர் உதவினர். பலர் வாக்களித்து மறந்தனர். 1872 இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்குச் செல்லாமலே சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றல் வேண்டும் என்பது அவரது இளமைக் கனவு. ஆனாற் பொருள் முடையால் அப்பள்ளி சில ஆண்டுகளே நடந்து மூடப்பட்டது. நாட்டில் மிகப் புகழ் படைத்த சொல்வல்லாரின் பள்ளி, ஆசிரியர் சம்பளத்துக்கு வழியின்றி மூடப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. பட்டத்தைக் கேட்டுக் கைதட்டியவர்கள் பணிக்குக் கைகொடுக்க வரவில்லை.

பட்டம் அளித்தவர்களின் வட்டத்துக்கு அஞ்சி வாயடைத்திருந்தவரும் அல்லர் அவர். நாவலர் என்னும் சொல்லுக்கு நயமாகப் பேசுபவர் என்பது மட்டும் பொருளன்று; பேசவேண்டியதைப் பேசாது விடாதவர் என்பதும் பொருள் என அவர் கொண்டார் போலும். சிதம்பரத்தில் தீட்சிதர்களின் நெறிமுறைகளைக் கண்டித்தார். பிறந்த ஊராகிய நல்லூரில், கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி நடைபெறவில்லை எனக் கூறித் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டார். இதனால் அடியார் கூட்டத்திலேயே அவருக்குப் பகைவர் தோன்றினர். 1872 இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் சிறுநூலிற் சைவரின் குறைகளையே விரித்துக் காட்டினார். மாதோட்டத்தில் மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்க வேண்டும் எனவும் அவர் அறைகூவினார். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டனுள் அஃது ஒன்று; மற்றையது எமது திருக்கோணமலை. போர்த்துக்கேயர் இடித்த அவ்விரு தலங்களும் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தமைக்கு அவர் விதைத்த உணர்ச்சி பெருந்துணையாயிற்று.

அவர் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின. 1876 ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியா எங்கும் பரவிய கொடும்பஞ்சம் ஈழத்தின் வடபாலையும் தாக்கிற்று. அப்பொழுது நாவலர் சமயப் பிரசங்கத்தை மட்டும் செய்துகொண்டிருந்தாரல்லர். கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். துயர் துடைப்பதிற் போதிய அக்கறை காட்டாத அரசாங்க அதிபர் துவைனத்தின் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1879 இற் சேர் முத்துக்குமாரசுவாமி மறைய, சட்டநிரூபண சபையிற் தமிழர் சார்பில் யாரை அமர்த்துவது என்னும் கேள்வி எழுந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் கூட்டங்கூட்டிப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தார். இராமநாதன் நியமனம் பெற்றார். இளைஞர் ஒருவரின் தகுதியை முன்னரே அறிந்து தாங்கிய அச்செயல், திருவாவடுதுறையில் 30 ஆண்டுகளுக்கு முன் தாம் பெற்ற நன்மையை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிச் செலுத்தியது போன்றதாம். 1879 திசெம்பர் 5 ஆந் திகதி நாவலர் இறைவனடி சேர்ந்தார். வயது 57 நிரம்பச் சின்னாட்களே எஞ்சியிருந்தன.

பெரியோர் வரலாற்றை எழுதுங்காற் குறையை மறைத்து நிறையை மட்டும் கூறுதல் மாணவர்க்கு நன்மை பயவாது. சாதியாசாரத்தில் நாவலர் தம் காலத்து மேற்குடியினரின் வரம்பைக் கடந்தவரல்லர். அவ்வரம்பைச் சமயநெறியாகவே காத்தவர். அவருடைய பள்ளியின் கதவு எல்லார் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. திருவருட்பாவை அருட்பா எனல் தகாது என்று இராமலிங்க அடிகளாரோடு அவர் கொண்ட பிணக்கு 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பின்வந்த தமிழுலகம் அவ்வழக்கில் அடிகளாரின் பாடல்களையே நெஞ்சில் ஏற்றுக்கொண்டது. பட்டம் ஒருவரின் ஒரு திறத்துக்குச் சான்று. அவர் சொன்ன அனைத்துக்கும் சான்றன்று. இதனை மறந்து, பட்டம் பெற்றவர் பிழையே செய்யார் எனக் கொள்ளுதல் அவர்க்கும் நமக்கும் தீங்காகும்.

நாவலர் விட்ட குறையைப் பின்வந்தோர் தொட்டு நிறைத்தனர் எனல் பொருந்தும். 1888 இற் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. பொருளின்றி மூடப்பட்ட சைவாங்கில வித்தியாசாலையின் கனவு அங்ஙனம் நனவாயிற்று. கிழக்கிலங்கையில் அப்பணியை ஏற்றவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மயில்வாகனன் என்னும் பிள்ளைத்திருநாமம் உடைய அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் அவர்க்கு உண்டு. அத்தனை பட்டங்களையும் உடையவர், 1924 இல் துறவு பூண்டு, பழைய பெயரையே துறந்தார். 1925 ஆம் ஆண்டளவில் இராமகிருஷ்ண சங்கம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் சைவப் பாடசாலைகளை ஏற்று நடத்தலாயிற்று. அவற்றின் வளர்ச்சியில் அடிகளாரின் உழைப்பு பெரிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த காலத்தில், அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று கற்பித்தார். நாவலர் திறவாத கதவை நாவலரின் வழிவந்தவரே திறந்தார். முத்தமிழ் வித்தகர் என மக்கள் அவரை அழைப்பதும் எந்த அரசும் கட்டளையிட்டதனாலன்று.

இனி எமது மாவட்டத்தை நோக்குவோம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கும் அப்பால், ஏறத்தாழ 20 மைல் தொலைவில் உள்ளது குச்சவெளி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் வயலும் காடுமாக அமைந்த பழைய ஊர் அது. அங்குக் கடலோரப் பாறையொன்றில் தூபி வடிவங்களும் வடமொழிக் கல்வெட்டொன்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடன் காணப்படுகின்றன. தாம் ஈட்டிய புண்ணியம் உலகுயிர்களின் துயர் தீர உதவுக என மகாயான பௌத்த நெறியினர் ஒருவர் செய்த வேண்டுதலே அக்கல்வெட்டின் கருத்து. தகுதியும் புண்ணியமும் தமக்கென வைத்துக்கொள்வதற்கல்ல என்னும் எண்ணம், சமயம் எதுவாயினும், இக்கரையில் நெடுநாள் வாழ்ந்த எண்ணமே.

குச்சவெளியிலிருந்தும் அதனை அடுத்த ஊர்களிலிருந்தும் எமது கல்லூரிக்குக் கற்க வந்தோரின் வரலாறு எளிதான வரலாறன்று. பேருந்து அருகிய காலத்தில் உறவினர் வீட்டிலும் விடுதியிலும் தங்கிப் படித்தனர். பின்னர்ப் போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபோது உயிரும் உடைமையும் ஒருங்கே அழிந்தன. வலையும் வள்ளமும் போலவே, பெட்டியில் வைத்துக் காத்த பரீட்சைச் சான்றிதழ்களும் நற்சாட்சிப் பத்திரங்களும் பல வீடுகளிற் கடலோடு போயின. ஆனாற் கற்றவை போகவில்லை. சான்றிதழ் இழந்த ஆசிரியர்கள் கூடாரங்களிற் பிள்ளைகளை இருத்தி மறுபடியும் பாடம் சொல்லத் தொடங்கினர். அவர்களுக்கு யாரும் பட்டம் சூட்டவில்லை; அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை. ஊரார் அவர்களை வாத்தியார் என்றும் சேர் என்றும் ரீச்சர் என்றும் அழைத்தனர். ஆங்கில அரசு நீங்கியபின்னும் எம்மிடையே மெய்யாக எஞ்சிய சேர்ப் பட்டம் அதுவொன்றே எனலாம்.

இக்காலத்திற் பட்டங்கள் மலிந்துவிட்டன என்பதை யாவரும் அறிவர். பொன்னாடையும் மாலையும் விருதுப் பத்திரமும் ஒரே மேடையிற் பத்துப் பதினைந்து பேருக்கு வழங்கப்படுகின்றன. வழங்குபவர்க்கு அத்துறை தெரியாது. பெறுபவர் அதற்கு உரியவரா என ஆராய்வாரும் இல்லை. சில இடங்களிற் பெறுபவரே செலவையும் ஏற்கின்றனர் எனக் கேள்விப்படுகின்றோம். நாவலர் என்னும் பட்டத்தைப் பின்னாளில் ந. மு. வேங்கடசாமி நாட்டார், ச. சோமசுந்தர பாரதியார் முதலிய பேரறிஞர் பெற்றனர். அவர்களால் அச்சொல் மாசுறவில்லை. தகுதியற்றார்க்கு வழங்கும்போதே சொல் தேய்கின்றது. தேய்ந்த சொல்லைத் தகுதியுடையார்க்கு வழங்கினும் பயனில்லை. நாணயம் போலவே பட்டமும் அளவின்றி அச்சடித்தாற் பெறுமதி இழக்கும்.

ஆதலாற் பட்டம் வேண்டாம் என முற்றாக மறுப்போரின் பக்கம் யாம் நிற்கின்றோமா எனின், அன்று. திருவாவடுதுறையார் அன்று வாளாவிருந்திருந்தாலும் நாவலர் தம் பணியைச் செய்தேயிருப்பார், அதில் ஐயமில்லை. எனினும் கடல் கடந்து வந்த 26 வயது இளைஞர் ஒருவர்க்கு, தமிழகத்தின் தலைசிறந்த அவை தந்த அங்கீகாரம் எத்துணை ஊக்கமாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சொல்லைக் கேட்டே தமிழகத்துக் கற்றோர் அவர் பதிப்புகளை நம்பி வாங்கினர். வள்ளல்கள் அவர்க்கு வாயில் திறந்தனர். காலத்திற் சொல்லப்பட்ட பாராட்டு ஒருவரின் பணியைப் பன்மடங்காக்கும். இறந்தபின் எடுக்கும் சிலை அதனைச் செய்யாது. நாவலர்க்கு நல்லூரிற் சிலை எழுந்தது 1969 இல். இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது 1971 இல். இவை எமக்குப் பெருமை தருவன. ஆனால் 1870களில் மூடப்பட்ட பள்ளிக்கு அவை சம்பளம் கொடுக்கவில்லை.

எனவே சங்கத்தினர் முன் எமது எண்ணத்தைப் பணிவுடன் வைக்கின்றோம். பட்டம் வழங்குவதாயின் அதனை ஒருவர்க்கு, மிஞ்சினால் இருவர்க்கு வழங்குக. அத்துறை அறிந்தோர் கூடி ஆராய்ந்து, செய்த செயலையே குறிக்கும் எளிய தமிழ்ச் சொல்லால் வழங்குக. நன்கொடை மிகத் தந்தவர்க்கு நன்றி கூறலாம்; அதற்கெனப் பட்டம் வேண்டாம். பட்டத்தோடு பொருளும் சேர்க. அப்பொருள் பெறுபவரின் கைக்கன்றி, அவர் செய்துவரும் பணிக்குச் செல்க. குச்சவெளியிலோ திரியாயிலோ மூதூரிலோ ஆசிரியர் பற்றாக்குறையுள்ள ஒரு பாடசாலையில் ஆண்டுக்கணக்கில் நின்று கற்பிக்கும் எமது பழைய மாணவர் எவரேனும் இருப்பின், அவரை முதற்கண் நினைத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். அவர் இன்னும் இளையவராயிருப்பின் மேலும் நன்று. ஏனெனிற் பட்டத்தைப் பணியாக மாற்ற அவர்க்குக் காலம் உண்டு.

மாணவர்க்குக் கூறவேண்டுவது ஒன்றுண்டு. பரீட்சையிற் பெறும் பட்டமும் பேரவைகள் அளிக்கும் பட்டமும் நாடத்தக்கனவே, முயன்று பெறுக. ஆனால் ஆறுமுகம் என்னும் இயற்பெயரின் முன்னோ பின்னோ ஒட்டிய ஒரு சொல், நாளடைவில் அப்பெயரையே மறைத்து, தானே பெயராய் நின்றமைக்குக் காரணம் அச்சொல் அன்று. 1849 இல் ஒருநாட் சொல்லப்பட்ட அச்சொல்லை, அதன் பின்னர் வாழ்ந்த 30 ஆண்டுகளும் ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்துக் காட்டிய உழைப்பே காரணம். பட்டம் பெறும் நாள் ஒன்றே. அதற்கு உரியவராய் வாழும் நாட்களோ பல. அந்நாட்களை நிரப்பும் மாணவரை எமது கல்லூரி மேன்மேலும் ஈன்றெடுக்கக் கோணேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.